தோட்டாவுக்குத் தனிப் பூட்டுப் போட்ட சண்முகவடிவு அம்மையாருக்கு

உரிமப் பிரிவின் உறுதியே! ஊழியர் குடும்பங்களின் உறவே! வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்களின் வீட்டு வாசல்வரை வந்து நலங்காத்த அம்மையே! நம் பாதுகாப்பு நிறுவனத்தின் செம்பூர் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெறும் உங்களை வணங்குகிறோம்.

துப்பாக்கி எங்கள் சொந்தம். அது இருப்பதால்தான் எங்களுக்கு வேலை. பணி முடிந்ததும் அதுவும் தோட்டாக்களும் எங்களோடு தாராவிக்கு வரும். ஒரே அறையில் அடுப்பு, தொட்டில், தோட்டா. துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். "மாமியார் ரவுண்டு வருது" என்று சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஓர் ஆயுத பூஜையன்று நின்றது. வங்கிக் காவலர் சுடலைக்கண்ணனுக்கு அது உரிமம் புதுப்பிக்கும் மாதம். துப்பாக்கிக்குப் பொட்டிட்டு, குத்துவிளக்கைச் சுற்றித் தோட்டாக்களை அடுக்கிச் சந்தனம் தடவியிருந்தார். சுண்டலுக்கு அழைத்ததால் உள்ளே வந்த நீங்கள் பதறினீர்கள்.

"விளக்குப் பக்கத்துல இத வச்சா சாமியே எந்திரிச்சு ஓடிரும். முதல்ல விளக்க மலையேத்துங்க!"

அவர் மனைவி கலைச்செல்வி விளக்கை மலையேற்றினார்.

"லைசென்ஸ்ல எழுதினதுக்கு மேல இருக்கே, ஏது?"

"அய்யாத்துரை அண்ணாச்சி வேலைய விட்டு ஊருக்குப் போவும்போது, ஃபேனோட சேத்துக் குடுத்துட்டுப் போனாவ மேடம்."

ஊருக்குப் போகிறவர் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். தோட்டாவை அப்படிக் கைமாற்ற முடியாது, உரிமத்தில் உள்ள எண்ணிக்கையைத் தாண்டினால் குற்றம் என்பது அன்றுதான் சுடலைக்கண்ணனுக்கு உறைத்தது. உரிமம் போனால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் வேலை போகும்.

"மிட்டி நதியில வீசிருதேன் மேடம்."

"பிள்ளைங்க விளையாடுற கரை அது! ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொல்றேன். கிளம்புங்க, நானும் வரேன்."

அங்கே அதிகாரி மராத்தியில் பொரிந்து தள்ளினார். எண்ணெயும் சந்தனமும் பட்டவற்றை இனிச் சுடவே கூடாது என்று தனியே ஒதுக்கினார். அய்யாத்துரைவரை விசாரணை போனது. நீங்கள் எதையும் மறைக்கவில்லை, மறைக்க விடவுமில்லை. தீபாவளி கழிந்தும் முடிவு தெரியவில்லை; அதுவரை அவர் வேலையின்றி வீட்டில் இருந்தார்.

"சுண்டல் திங்க வந்தவிய நம்ம சோத்துலயே மண்ணப் போட்டுட்டாவளே!" என்று கலைச்செல்வி உங்களை ஏசாத நாளில்லை.

பிறகு ஒரு நாள், தாமே முன்வந்து ஒப்படைத்ததையும் கருதி, புதுப்பித்த உரிமம் அவர் கைக்கு வந்தது. மறுநாளே மாட்டுங்கா வங்கி வாசலில் சுடலைக்கண்ணன் நெஞ்சு நிமிர்த்தி நின்றார். ஏசிய கலைச்செல்வியே இரண்டு புதுப் பூட்டு வாங்கினார். தெருவிலுள்ள பெண்களையும் வாங்க வைத்தார்.

இன்று எங்களில் யார் ஊர் திரும்பினாலும், ரயில் டிக்கெட்டுக்கு முன்பே துப்பாக்கியையும் தோட்டாவையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கிறார். எந்த வீட்டிலும் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேலையும் காத்தோம், வீட்டையும் காத்தோம். வென்றுவிட்டீர்கள் அம்மா!

உங்கள் காட்கோபர் வீட்டில் கவலையின்றி, கால்வலியின்றி, நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்கும் எங்கள் வீடுகளுக்கு வாருங்கள். இம்முறை சுண்டலுக்கு மட்டும்.

அன்பும் நன்றியும் மாறாத,
ஆயுதக் காவலர்களும் அவர்தம் குடும்பத்தாரும்,
தாராவி – செம்பூர், மும்பை.