பத்துப் பேரும் தூங்கினவை

இல்லை, தங்கச்சி, நீங்களே சொல்லுங்கோ, நேற்று வந்தவள் எனக்குப் படிப்பிக்கிறதோ? எனக்கு! ஞாயிறு பாடசாலையிலை கத்திக் கத்தியே தொண்டை போனவள் நான். கொஞ்சம் தள்ளி இருங்கோ, பஸ் ஆட்டுது, பையை மடியிலை வைக்கிறன். கேக்குத்தான், நசிஞ்சா நசியட்டும்... ஆ, எங்கை விட்டனான்? மருமேள், நிஷானி. கோப்பாயிலை சைவ வீட்டுப் பிள்ளை. என்ரை ஜஸ்ரினைக் கட்டத்தான் ஞானஸ்நானம் எடுத்தவள்.

நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. ஆனா வேதப் புத்தகம் வாசிக்கிற விதம் இருக்கே... ஒரு வரி வாசிச்சுப்போட்டு முகட்டைப் பாத்துக்கொண்டு இருப்பாள். பிறகு, "மாமி, இதேன் இப்பிடி?" எனக்கெண்டா வேதத்திலை ஒரு கேள்வியும் வந்ததேயில்லை. அதைப் பெருமையாவும் சொல்லித் திரிஞ்சனான், பாருங்கோவன்!

ஒவ்வொரு வரியமும் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு என்ரை நாடகம்தான். பத்துக் கன்னியர். நீங்கள் வேதக்காரர் இல்லையோ? சரி, சொல்லுறன். மாப்பிள்ளை வருவாரெண்டு பாத்துக்கொண்டு பத்துப் பொம்பிளைப் பிள்ளையள் விளக்கோடை நிக்கினம். அஞ்சு பேர் புத்தியா மிச்ச எண்ணெயும் கொண்டந்தவை. மற்ற அஞ்சும் மோடுகள். மாப்பிள்ளை வரப் பிந்த, மோடுகள் குறட்டை விடுங்கள், புத்தியுள்ளவை முழிச்சிருந்து செபம் பண்ணுவினம். அந்தக் குறட்டைக்குச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்!

போன கிழமை பிள்ளையளுக்கு நாடகம் பழக்கேக்கை இவள் புத்தகத்தோடை வந்து, "மாமி, இதிலை பத்துப் பேரும் தூங்கினவையெண்டெல்லோ கிடக்கு?" எண்டாள். மெதுவாத்தான் கேட்டவள். நான் விட்டனோ? "நேற்றுத் தலையிலை தண்ணி பட்டவள் எனக்குச் சொல்லித் தாறியோ?" எண்டன். பிள்ளையளெல்லாம் சிரிச்சுதுகள். அவள் புத்தகத்தை மூடினவள்தான், பிறகு திறக்கேல்லை. கோயிலுக்கும் வரேல்லை. இப்ப கோப்பாயிலை தாய் வீட்டை போய் நிக்கிறாள். ஜஸ்ரின் எனக்கு முகங்குடுத்துக் கதைக்கிறானில்லை.

ஓம், ஓம்... பிறகு கண்ணாடியைப் போட்டு வாசிச்சனான். என்னெண்டு சொல்ல... எல்லாரும் தூங்கினவையாம்! புத்தியுள்ளவையுந்தான்! அந்த அதிகாரத்தை நான் புத்தகம் பாராமல் சொல்லுவன், தங்கச்சி. பாராமல் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கோலம். முழிச்சிருக்கிறன் எண்ட நினைப்பிலை நான் நல்ல நித்திரை. குறட்டைக்கு மட்டும் ஊரார் பிள்ளையளைப் பழக்கியிருக்கிறன். எங்கடை வீட்டிலை உண்மையாத் தேடி வாசிச்சது அவள் ஒருத்திதான், அவளின்ரை வாயைப் பொத்திப்போட்டன்.

என்ன? ஓம், கூட்டியரத்தான் போறன். அம்மா எப்பிடி, மழை எப்பிடியெண்டு தொடங்கி... சரிவராதோ? சரிவராதுதான். "பிள்ளை, நீ வாசிச்சதுதான் சரி" எண்டு நேரை சொல்லவேணும்.

ஐயோ, உது கோப்பாய்ச் சந்தியெல்லோ! இல்லை இல்லை, மணி அடிக்காதேங்கோ. அங்காலை நீர்வேலியிலை இறங்கித் திரும்பி நடந்து வாறன். ஆரெண்டே தெரியாத உங்களிட்டைச் சொல்லவே இவ்வளவு பாடு, அவளின்ரை முகத்தைப் பாத்து என்னெண்டு சொல்லுவன்? இன்னொருக்காச் சொல்லிப் பாக்கிறன், கேளுங்கோ. பிள்ளை, நீ வாசிச்சது... சீ! திரும்ப முதலிலையிருந்து சொல்லுறன், தங்கச்சி.