வலைக்கு நிழல், முகத்துக்கு வெயிலா?

"ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம்" என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டு, அதை நான் வாசிக்கிறேனா என்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் ஜெறோம் அவர்களே. அருகிருந்து ஆசி வழங்கும் பங்குத்தந்தை அவர்களே. அலையோடு பிறந்து அலையோடு வளர்ந்த ஐயாமாரே, அண்ணைமாரே. குருநகரில் இருந்தும் பருத்தித்துறையில் இருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் சகோதரிகளே. கருவாட்டு வாடியில் காலை வேலையைப் பாதியில் விட்டு, காலில் ஒட்டிய மணலோடு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மாரே. மாதர் அணியின் சார்பில் இந்த அருமைநாயகி உங்கள் அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

இனிக்க இனிக்கப் பேசுவாள் என்றுதான் என்னை மேடைக்கு அழைத்தீர்கள். மன்னிக்க வேண்டும். இன்று என் நெஞ்சில் இனிப்பு இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது.

நமது கடற்றொழிலாளர் சங்கத்தின் சென்ற வருடப் பொதுக்கூட்டத்தில் நாங்கள் ஒரு தீர்மானம் கொடுத்தோம். வாடியில் மீன் காயவைக்கும் பெண்கள் தினமும் முகத்தில் பூசிக்கொள்ள, வெயிலில் இருந்து தோலைக் காக்கும் சன்கிறீமைச் சங்கமே வாங்கித் தர வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானம். அப்போது செயலாளராக இருந்த மரியரட்ணம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார்? "உதென்ன, கூத்துக்கோ வெளிக்கிடுறியள்? கருவாடு காயப்போடக் கிறீம் பூசிக்கொண்டே போறது?" சபை சிரித்தது. தீர்மானத்தின் மேல் பேனையால் ஒரு கோடு விழுந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று அதே தீர்மானம் மீண்டும் வருகிறது. நான் இறங்கியதும் வாக்கெடுப்பு. இம்முறை சிரிக்க விடமாட்டேன்.

கடலோடும் பெருமக்களே, கரைக்கு வந்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? வலையை வெயிலில் விடுகிறீர்களா? இல்லை. நைலோன் இற்றுப்போகும் என்று தென்னங்கிடுகால் மூடுகிறீர்கள். எஞ்சினை விடுகிறீர்களா? அதற்குத் தறப்பாள் கட்டுகிறீர்கள். படகில் வெடிப்பு விழும் என்று வருடந்தவறாமல் பெயின்ற் பூசுகிறீர்கள். நைலோனை நார்நாராக்கும் வெயில் என்று அறிந்த உங்களுக்கு, நாலு பிள்ளை பெற்றவளின் முகத்தையும் அதே வெயில்தான் தின்கிறது என்று ஏன் தெரியாமல் போனது? வலைக்கு நிழல் தேடிய கை, வாடியில் நிற்பவளுக்கு ஒரு கிறீம் கொடுக்க ஏன் கூசுகிறது?

என்ன அண்ணை? சத்தமாகச் சொல்லுங்கள். "எங்கடை கறுத்த தோலுக்கு வெயில் என்ன செய்யும்" என்கிறார். கறுத்த தோல் கொஞ்சம் காக்கும். முழுக்கக் காக்காது. தொப்பி போட்டால் போதாதா என்று அங்கே ஒருவர். தொப்பி போடுங்கள், நல்லது. கடல் தண்ணீரிலும் வெள்ளை மணலிலும் பட்டுக் கீழிருந்து எழும்பும் வெயிலை உங்கள் தொப்பி எப்படி மறிக்கும்? வானம் மப்புப் போட்ட நாளிலும் அது வரும். ஆகவேதான் தினமும் என்கிறோம். வியர்வையில் கரைந்தால் மறுபடியும் என்கிறோம்.

இனி ஒரு கதை. கதையல்ல, நம் கண்முன் நடந்தது. மரியரட்ணம் அண்ணையின் மனைவி கத்தரீனா அக்கா. இருபத்தாறு வருடமாக வாடியில் நிற்கிறார். அவருடைய தங்கை பிரான்சில் இருந்து அனுப்பும் பொதி ஒவ்வொன்றிலும் ஒரு சன்கிறீம் வரும். அது எங்கே போகும்? கண்ணாடி அலுமாரிக்குள், வாசனைச் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் போய் அமரும். வெளிநாட்டுச் சாமான் அல்லவா, நல்ல நாளுக்கு வேண்டாமா? கோயில் பெருநாளன்று, பொழுதுபட்ட பிறகு, புனிதரின் சுரூபம் சுற்றி வரும் நேரத்தில், அக்கா அதை எடுத்து முகம் நிறையப் பூசிக்கொண்டு வருவார். நான் ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, உது வெயிலுக்குப் பூசிறதெல்லே?"

"உனக்கென்ன விசரே? பிரான்ஸ் கிறீமை வெயிலுக்கை பூசி வீணாக்கிறதே?"

சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்கள் வீட்டுக்குப் போய் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். திகதி முடிந்த சன்கிறீம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

அக்காவின் மூக்கோரத்தில் மிளகளவு ஒரு பரு வந்தது. மீன் முள் குத்தியது என்று நினைத்தார் அக்கா. சுண்ணாம்பு வைத்தார். ஆறியது போல் இருந்தது, மறுபடி கசிந்தது. ஒரு வருடம் போனது. பெரியாஸ்பத்திரியில் காட்டியபோது புற்றுநோய் என்றார்கள். வெயிலில் நிற்கும்போது என்ன பூசுவீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். "வெயிலுக்கை ஒண்டும் பூசிறேல்லை ஐயா. பெருநாளுக்குத்தான்" என்றாராம் அக்கா. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாராம். மூக்கோரத்தை வெட்டி, காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இனிமேல் அந்த முகத்தில் வெயில் படவே கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

வாடியில் அக்காவின் இடத்துக்கு மகள் ஜெசிதா வர ஆயத்தமானாள். அவளுக்கு ஆவணியில் கலியாணம். அக்கா விடவில்லை. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் விடிய, முகத்தில் கட்டோடு தானே வந்து நின்றார். நான் கையைப் பிடித்தேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"என்ரை முகம் வெட்டுப்பட்ட முகம், இனி ஆர் பாக்கிறது? பிள்ளை கலியாணப் பொம்பிளை. அவள் வெயிலுக்கை வரக்கூடாது."

கேட்டீர்களா சபையோரே? கலியாணம் முடியும்வரை பெண்ணை வெயிலில் விடாதே என்கிறோம். தாலி ஏறிய மறுமாதம் அவளை வாடிக்கு அனுப்புகிறோம். அப்படியென்றால் இத்தனை காலம் நாம் காத்தது அவள் முகத்தையா, கலியாணப் படத்தையா? மணவறையில் இருந்தால்தான் முகமா? மீன் கழுவும்போது அது முகம் இல்லையா?

அக்கா எங்கே என்று தேடுகிறீர்கள். அவர் இங்கே இல்லை. வாக்களிக்க எல்லோரும் வர வேண்டும் என்று நாங்கள் புறப்பட்டபோது, காய்கிற மீனுக்குக் காவல் யார் என்ற கேள்வி வந்தது. "நீங்கள் போய்க் கையை உயத்துங்கோ. காகத்தை நான் பாக்கிறன்" என்றார். போகமாட்டோம் என்றோம். பேசியே துரத்திவிட்டார். நாம் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருக்கும் இந்தப் பதினொரு மணிக்கு, தைத்த காயம் ஆறாத முகத்தோடு அவர் அந்த வெயிலில் நிற்கிறார்.

தலைவரே, மணியை அடிக்க வேண்டாம். முடித்துவிட்டேன். மரியரட்ணம் அண்ணை எழும்புகிறார். வழி விடுங்கள், அவரை மறிக்காதீர்கள். அண்ணை, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களை அவமானப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. சென்ற வருடம் நானும் சிரித்தவள்தான். போங்கோ, அக்காவை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனால் வாசலைத் தாண்ட முன்னம் ஒருக்கால் திரும்பி, உங்கள் கையை உயர்த்திவிட்டுப் போங்கோ.

நன்றி அண்ணை.

தலைவரே, முதல் வாக்கு விழுந்துவிட்டது. மற்றக் கைகளையும் எண்ணுங்கள். பொறுத்திருந்து கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி கூறி, வணக்கம் சொல்லி, நானும் அண்ணைக்குப் பின்னால் வாடிக்குப் போகிறேன்.