மூணாவது சத்தம்

இல்லைங்க, தூங்கல. கண்ண மூடிக்கிட்டா இன்னும் கொஞ்சம் கவனமா கேக்கலாமேன்னு பாத்தேன், அவ்வளவுதான். இப்ப வந்த சத்தமா? இல்ல, கேக்கல. கேட்டிருந்தா அமுக்கியிருப்பேனே. பட்டன் கையிலதான் இருக்கு, கட்டை விரலும் அது மேலதான் இருக்கு. விரல் மேல பழி போட முடியாது.

ஒரு நிமிஷம் இந்த ஹெட்ஃபோனக் கழட்டிக்கட்டுமா? காது ரெண்டும் வெந்து போச்சு. நீங்களும் அந்த டீய ஒரு வாய் குடிங்க மேடம், ஆறி ஆடை கட்டிருச்சு. கால் மணி நேரமா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு அதை மறந்துட்டீங்க. பாக்கற அளவுக்கு இந்த மூஞ்சில ஒண்ணும் இல்ல. முப்பது வருஷமா பாக்கற ஒருத்தி சொல்லியிருக்கா.

ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப அந்தத் தாள்ல ஒரு குறி போட்டீங்கல்ல, எதை வச்சுப் போட்டீங்க? நான் அமுக்கல, அதனால எனக்குக் கேக்கல. அப்படித்தானே? நடுவுல ஒரு வரி காணாமப் போச்சே. கேட்டவன் கண்டிப்பா அமுக்குவான்னு ஒரு வரி. நீங்களும் அதைச் சொல்லல, நானும் சொல்லல, எங்கயும் எழுதியும் வைக்கல. ஆனா அந்த ஒத்த வரி மேலதான் உங்க மிஷினு, செவுத்துல ஒட்டியிருக்கற பஞ்சு, வாசல்ல மாட்டின போர்டு எல்லாம் உக்காந்திருக்கு. அதை உருவிட்டா மொத்தமும் சரிஞ்சிரும்.

சேச்சே, உதாரணத்துக்குச் சொன்னேன். எனக்கு நிஜமாவே கேக்கலைங்க. தொழில் புத்தி, எங்க போனாலும் கூடவே வந்துருது.

என்ன தொழிலா? கேள்வி எழுதறேன். வேலைக்குப் பரிட்சை வைக்கறாங்கல்ல, அதுல தர்க்கம்னு ஒரு பகுதி வரும். எல்லாப் பூனையும் நாற்காலி. எல்லா நாற்காலியும் மேகம். அதனால எல்லாப் பூனையும் மேகம். சரியா, தப்பா? ஓ, நீங்களும் எழுதியிருக்கீங்களா? அப்ப உங்க தூக்கத்தக் கெடுத்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தனா இருக்கலாம், மன்னிச்சிருங்க. கைடு புத்தகம் போடற பதிப்பகத்துக்கு எழுதறேன், வீட்ல உக்காந்து. முன் ரூம்ல ஒரு மேஜை, ஒரு நாற்காலி. பூனை கிடையாது.

ஒரு தடவ ஒருத்தர் கடுதாசி போட்டிருந்தார். ஐயா, எங்க வீட்டுப் பூனை நாற்காலியில உக்காருமே தவிர அதுவே நாற்காலி இல்ல, அடுத்த பதிப்புல திருத்தவும்னு. நான் விடுவனா? ரெண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். பூனையப் பத்தி உங்களுக்கு எதுக்குக் கவலை, கொடுத்த வரி உண்மையான்னு நீங்க பாக்கக் கூடாது, உண்மைன்னு ஒத்துக்கிட்டு முடிவுக்கு ஒழுங்கா வந்து சேரணும், நடுவுல தடுக்கி விழக் கூடாது, தர்க்கம்னா அவ்வளவுதான்னு. பின்னால நின்னு படிச்சிக்கிட்டிருந்த எங்க வீட்டம்மா சொன்னா, கொடுத்ததையெல்லாம் உண்மைன்னு ஒத்துக்கிட்டு தடுக்கி விழாமப் போறதா, அதுக்குப் பேரு கல்யாணம்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்.

பேனாவா? காதுக்குப் பின்னால சொருகியிருக்கீங்க பாருங்க. வலது காது. ஆங், அதான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? வீட்டம்மா. அவகிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியாது. தர்க்கத்துல பாஸ் பண்ணினவ இல்ல, ஆனா எங்க அடிக்கணும்னு தெரியும். ஒரு நாள் ரெண்டு மணிக்கு சாப்பிடக் கூப்பிட்டா. நான் ஒரு கேள்வியோட மல்லுக்கட்டிட்டிருந்தேன். நாலு மணிக்கு எழுந்து போறேன், பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து வச்சிருக்கு. எங்கடி சாப்பாடுன்னா, அவ ரொம்ப அமைதியா சொல்றா. பசிச்சிருந்தா வந்திருப்பீங்க. நீங்க வரல. அதனால உங்களுக்குப் பசிக்கல. முடிவு சரிதானே, பாத்துச் சொல்லுங்க. என்னத்தச் சொல்றது? வடிவம் கச்சிதம். நான் எழுதற பாடத்த எனக்கே பரிமாறிட்டா. அன்னிக்கு வேற ஒண்ணும் பரிமாறல.

வெளிய பெஞ்சுல கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கு பாருங்க, கதவுல தெரியுதே, அதான் எங்க மக. ஆபீசுக்கு லீவு போட்டுட்டு என்னக் கூட்டிட்டு வந்திருக்கா. உங்ககிட்ட என்ன சொன்னா? அப்பாவுக்கு ரெண்டு வருஷமா கேக்கலன்னா? ம். அவ அம்மா சொன்னது. எனக்குக் கேக்கலன்னு நீங்க ஒரு தாள் எழுதிக் குடுத்துட்டா எங்க வீட்ல எல்லாருக்கும் நிம்மதிங்க. முதல் நிம்மதி எனக்கு. ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னால வீட்டம்மா ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டா. தொடை எலும்பு. கம்பி வச்சிருக்காங்க. அப்ப வீட்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். கூப்பிட்டிருக்கா. கேக்கல.

அதனாலதான் அந்தத் தாள் வேணும். காது கேக்காத அப்பன்னா மக மிஷின் வாங்கிக் குடுப்பா, ராத்திரி கழட்டி வைக்கறதுக்கு ஒரு சின்ன டப்பாவும் குடுப்பா. கேக்கற காத வச்சுக்கிட்டு உக்காந்திருந்த அப்பன்னா என்ன குடுப்பான்னு எனக்குத் தெரியாது. நான் எழுதின எந்தக் கேள்வியிலயும் அதுக்கு விடை வரல.

மறுபடியுமா? சரி, குடுங்க, மாட்டிக்கறேன். எத்தன தடவ வேணா வைங்க.

முடிஞ்சுதா? சீக்கிரம் முடிச்சிட்டீங்களே. என்ன பாக்கறீங்க அப்படி? பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் இப்படித்தான் பாப்பார்.

காட்டுங்க. இது நான் அமுக்கினது, சரி. இது சத்தம் வந்த நேரம். ம். ம். ஒரே அளவு சத்தத்த ஒம்போது தடவ விட்டீங்களா? ஏத்தல, இறக்கல? நான் மூணு தடவ அமுக்கியிருக்கேன். மூணாவது, ஆறாவது, ஒம்போதாவது.

அட.

இல்லைங்க, சத்தியமா, வேணும்னு அப்படிப் பண்ணல. அதாவது, வேணும்னுதான் பண்ணினேன், ஆனா மூணுன்னு எண்ணிப் பண்ணல. எல்லாத்தையும் விட்டுட்டா சந்தேகம் வரும், எப்பவாவது ஒண்ணுக்கு அமுக்குவோம்னுதான் இருந்தேன். விரல் தானா மூணாவதுக்குப் போயிருக்கு. பேனாவும் அதுக்குத்தானா? திரும்பி நின்னுக்கிட்டு, உதடு தெரியாம, முணுமுணுத்தீங்களா? நான் எந்தக் காதுன்னு வேற சொன்னேன். இந்த ஆளுக்குக் கேக்காதுன்னா பதில் வந்திருக்காது, வந்திருச்சு, அதனால கேக்கும். நல்லாப் பண்ணினீங்க மேடம். இதுக்கு முழு மார்க் போடுவேன். நீங்க அந்தப் பரிட்சையில எத்தன வாங்கினீங்களோ தெரியாது, குறைச்சு போட்டிருந்தா திருத்தினவன் மேலதான் தப்பு.

என் வீட்டம்மாவும் இதையேதான் சொன்னா. இன்னிக்குக் காலையில, மக வெளிய செருப்பு போட்டுட்டிருந்தா. இவ கட்டில்ல படுத்தபடியே, கண்ணத் திறக்காம, மூச்சு விடற அளவுக்குச் சொல்றா. காது கேக்காதவங்க கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்ல மாட்டாங்க, அங்க போயி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு சரின்னேன். அவ்வளவு தூரத்துல இருந்து.

ஆமா, அவளுக்குத் தெரியும். முதல்ல இருந்தே தெரியும்.

மக முன்னாலன்னா எங்கிட்டக் கத்திக் கத்திப் பேசுவா, தெருவுக்கே கேக்கும். நான் காதுகிட்டக் கைய வச்சுக்கிட்டு, என்ன, என்னம்பேன். ரெண்டு பேரும் அவ்வளவு நல்லா நடிக்கிறோம். மக ஆபீசுக்குக் கிளம்பிட்டாப் போதும், பக்கத்து ரூம்ல இருந்து தண்ணின்னு ஒரு முணுமுணுப்பு வரும். மூணு எழுத்து முடியறதுக்குள்ள நான் டம்ளரோட நிப்பேன். அவ வாங்கிக் குடிப்பா. நாளுக்கு நாள் குரலக் குறைச்சுக்கிட்டே வர்றா. நீங்க வைக்கற இந்த டெஸ்ட ரெண்டு மாசமா எனக்கு வீட்லயே வச்சிட்டிருக்கா. ஒண்ணுல கூட நான் ஃபெயில் ஆகல.

ஆஸ்பத்திரியில மக ஓடி வந்தவுடனே எங்கிட்டதான் கேட்டா. அப்பா, நீங்க வீட்லதானே இருந்தீங்க? நான் வாயத் திறக்கல. திறந்திருந்தா என்ன வந்திருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கறேன். அதுக்குள்ள தள்ளு வண்டியில படுத்துட்டிருந்தவ சொன்னா, அவருக்குக் கேக்கலடி, ரெண்டு வருஷமாவே. அந்த வலியில, பல்லக் கடிச்சிக்கிட்டு. நான் அவ சொன்னத அப்படியே உண்மைன்னு ஒத்துக்கிட்டேன். கொடுத்த வரிதானே.

அந்த ரெண்டு வருஷத்த அவ சும்மா இட்டுக்கட்டல பாருங்க. கணக்கு சரிதான்.

எப்படின்னா, கல்யாணமான புதுசுல ஒரு தடவ கூப்பிட்டாப் போய் நின்னேன். அப்புறம் இதோ வரேன்னு உக்காந்துட்டு வந்தேன். அப்புறம் வரேன்னும் சொல்றதில்ல. இந்த ரெண்டு வருஷமா, அவ கூப்பிடற முதல் ரெண்டும் ஒத்திகை, மூணாவதுதான் நிஜம், நிஜமாவே அவசரம்னா நாலாவது வரும்னு எனக்குள்ள ஒரு விதி போட்டு வச்சிருந்தேன். யார் போட்டது? நானே. எங்கயும் எழுதல.

அன்னிக்கு சமையக்கட்டு பல்பு. பத்து நாளா மாத்தச் சொல்லிட்டிருந்தா, மாத்தல, அவளே ஏறிட்டா. எனக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. எல்லாக் குடையும் கதவு, எந்தக் கதவும் ஆறு இல்லன்னு ஏதோ. கடைசி வரி எழுதணும். இங்க வாங்களேன்னா. அப்புறம், ஸ்டூல் ஆடுது, கொஞ்சம் வந்து பிடிங்கன்னா. மூணாவது தடவ, என்னங்க, கேக்குதான்னா.

அப்புறம் கூப்பிடல. நான் பேனாவ வச்சுட்டு யோசிச்சேன் மேடம், யோசிக்காம உக்காந்திருந்தேன்னு சொல்ல முடியாது. அவசரம்னா நாலாவது தடவ கூப்பிடுவா. கூப்பிடல. அதனால அவசரம் இல்ல. வடிவத்துல ஒரு பிசிறு கிடையாது, யார்கிட்ட வேணா காட்டலாம். முதல் வரிதான் பூனை நாற்காலி. அதை யாரும் பாக்கக் கூடாதுன்னு முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தவன் நான். கடைசி வரிய எழுதி முடிச்சிட்டுத்தான் எழுந்தேன். ஸ்டூல் விழுந்த சத்தம் அதுக்கு முன்னாலயே கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சுங்க. மூணும் கேட்டுச்சு.

இல்ல, தண்ணி வேணாம். டீய முழுசாக் குடிச்சிட்டு வாங்க, நான் எங்கயும் போகல. கால்ல ஒரு கம்பியோட சேத்து என் பொய்யவும் அவளே தூக்கிட்டிருக்கா. ரெண்டுல ஒண்ண இறக்கி வைக்கறது என் கையில இருக்கு.

அந்தத் தாளக் கிழிச்சிட்டு வேற ஒண்ணு எடுங்க. எங்க மகளயும் உள்ள கூப்பிட்டு இந்த நாற்காலியில உக்கார வைங்க, என் விரல் தெரியற மாதிரி. அவ எதாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன், நீங்க சங்கடப்படாதீங்க. கத்திச் சொல்ல வேணாம்னு மட்டும் அவகிட்டச் சொல்லிருங்க.

வாம்மா. உக்காரு. ஒண்ணும் இல்ல, டெஸ்டுதான். இங்கயே பாத்துக்கிட்டிரு.

மாட்டிக்கிட்டேன் மேடம். உங்க மிஷின்ல எது ரொம்ப மெல்லிசோ, அதுல இருந்து ஆரம்பிங்க. வீட்ல அவ இப்ப கூப்பிடறது அவ்வளவுதான் இருக்கும்.

ம். கேக்குது.