தொப்பியை மாட்டிவிட்டு நுழைந்தவருக்கு

இன்று மாலை நம் அலுவலகக் கூடத்தில் நடந்த உங்கள் பணிநிறைவு விழாவில் முன்வரிசையில் வனச்சரக அலுவலரும், அவருக்கு இடப்புறம் தலைமை எழுத்தரும் அமர்ந்திருந்தனர். சன்னலோரம் ஜீப் ஓட்டுநர். அவருக்குப் பின்னே ரோந்துக் காவலர்கள். கதவை ஒட்டிய கடைசி நாற்காலியில் உங்கள்மேல் வழக்குப் போட்ட தோட்டத்துக்காரர். நடுவே உங்களுக்கென்று போட்ட நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆயினும் உங்களுக்கு எழுதிய வாழ்த்து மடலை வாசித்தோம். நடந்ததையும் சேர்த்தெழுதி அனுப்புகிறோம்.

கானுயிர் காத்த காவலரே, கடமையோடு கண்ணியம் கலந்தவரே, கண்ணியில் சிக்கிய கால்களுக்கெல்லாம் கைகொடுத்தவரே, வணக்கம்.

தனியார் நிலமாயினும் வேட்டைத் தடுப்புக் காவலர் கேளாமலே நுழையலாம் என்றிருந்த முப்பத்தோராண்டுக் காலமும் கேட்டே நுழைந்தவர் நீங்கள். வாயிலில் நின்று கூப்பிடுவீர்கள். தொப்பியைக் கழற்றிக் கேட்டில் மாட்டிவிட்டே உள்ளே நடப்பீர்கள். “உள்ள ஒரு ஆளு திரியுதுன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியணும்ல? நாம என்ன திருட்டுப் பூனையா?” என்பீர்கள். “தொப்பி வந்திருக்கு, டீயைப் போடு” என்று நிலக்காரர்கள் கேலி பேசுமளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

சென்ற மழைக்காலத்தில் இந்தத் தோட்டத்துக்காரரின் கேட்டு பூட்டியிருந்தது. கூப்பிட்டீர்கள், பதிலில்லை. உள்ளே பெண்மான் ஒன்று கதறியதும் தொப்பியைக் கேட்டில் மாட்டிவிட்டு வேலியேறினீர்கள். மானை விடுவித்தீர்கள், கம்பிக் கண்ணிகளைக் கைப்பற்றினீர்கள். தோட்டத்துக்காரரோ அந்தத் தொப்பியையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்தார்.

“கேக்கத் தேவையில்லைன்னா இத்தனை வருஷமும் தொப்பியை மாட்டி ஏன் கேட்டீங்க?” என்றார் அவருடைய வக்கீல்.

“அவங்க நிலமாச்சேங்க” என்றீர்கள்.

அந்தச் சொல்லே நம் தரப்பைச் சாய்த்தது. சம்மதமின்றி நுழைந்து எடுத்த கண்ணிகள் சான்றாகா என்று தீர்ப்பாகி, கண்ணி வழக்கும் கலைந்தது. இனி எழுத்தில் அனுமதி பெற்றே எவரும் நுழைய வேண்டும். அதன்பின் நீங்கள் எந்த வாயிலிலும் நின்று கூப்பிடவில்லை, மேசையைவிட்டு எழவுமில்லை.

வாசித்து முடித்ததும் தோட்டத்துக்காரர் எழுந்தார். “கண்ணியை நான் கட்டலைங்க. அன்னைக்கு என் வீட்டுக்காரி தனியா இருந்தா. துப்பாக்கியோட ஒருத்தர் வேலியேறி வந்தா பயப்பட மாட்டாளா? அவரு நல்ல மனுஷன். அதுக்காக நான் கேஸ் போட்டது தப்புன்னு சொல்ல முடியாது” என்றார்.

“அப்ப அந்த மானுக்காக யாரு கேஸ் போடுறது?” என்று ரோந்துக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். தோட்டத்துக்காரர் சொன்னதையே நீதிமன்றப் படிகளில் நீங்களும் எங்களிடம் சொன்னீர்கள்: “அவரு கேட்டது நியாயம்தான்பா.”

உங்களை அழைத்துவர மதியம் ஓட்டுநர் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, உங்கள் துணைவியார் வாசலுக்கு வந்து, “யாரையும் உள்ள விடாதேன்னுட்டு உக்காந்திருக்காரு தம்பி. எதுன்னாலும் தபால்ல போட்டுருங்க” என்றார்களாம். உங்கள் வீட்டுக் கேட்டு பூட்டியிருக்கவில்லை. ஓட்டுநர் அதைத் தள்ளாமலே திரும்பிவிட்டார்.

நோயற்று நெடுநாள் வாழுங்கள் ஐயா. நெஞ்சு ஆறும் நாளில், நீங்கள் காத்த காட்டோரமாய் ஒருநாளேனும் நடந்து வாருங்கள்.

என்றும் உங்கள்,
சரக அலுவலகப் பணியாளர்கள்

பி.கு.: மடலுக்கென்று செய்த கண்ணாடிச் சட்டம் உறைக்குள் அடங்காததால் மடலை மடித்தே வைத்து ஒட்டியிருக்கிறோம். பதிவுத் தபால் என்றால் கையெழுத்துக்காகத் தபால்காரர் உங்களை வெளியே கூப்பிடுவார். ஆதலால் சாதாரணத் தபாலிலேயே அனுப்புகிறோம்.