கடைசி வாத்தும் கடைசிச் சுறாவும்

அரிசிக்கு ரேஷன் வந்த வருடம். செஞ்சியில் அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பையில் உயிருள்ள காட்டு வாத்தோடு ஒருவர் மீன்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இத்த வச்சிக்கினு ஒரு பால் சுறா குடும்மா. என் சம்சாரம் பெத்து நாலு நாளாவுது, இன்னும் பால் சுரக்கல."

"அந்த வாத்தையே ஆக்கிப் போடேன்."

"முட்ட போடுற சாதிக்குப் பால் ஏது? சுறாதான் குட்டி போடுது."

"கூடையில ஒண்ணுதான் இருக்குது. அதுவும் வேற ஒருத்தங்க சொல்லிவச்சது."

"எங்க ஏரியில இந்த வாத்தும் ஒண்ணுதான். முன்ன கூட்டமா வரும். இந்த வருசம் இது மட்டும்தான் வந்துது."

பஸ் வந்து நின்றது. அவள் கூடையைத் தூக்கினாள்.

"கொழந்த ரொம்ப அழுவுதா?"

"நேத்து வரைக்கும் அழுதுது."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.