முக்கு வீட்டுத் தகட்டு வேலி

— ஏணியைச் சாத்தாதீங்கோ லிங்கம். சொல்றேனோல்லியோ, சாத்தாதீங்கோ.

— சாத்தல மாமி. கையில பிடிச்சிட்டுத்தான் நிக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முக்குல மேல உள்ள ஆறு தகட்டையும் அரை மணிக்கூர்ல இறக்கிப்போட்டுட்டுப் போயிருதேன்.

— மூணு மாசம் முன்னாடி இதே கையாலே மாட்டினேள். இன்னிக்கு அதே கையாலே கழட்டணும்னு வந்து நிக்கறேள். பின்னே என்னத்துக்கு மாட்டினேள்?

— நீங்க அழுதிய, மாட்டினேன். வேற என்னத்தைச் சொல்ல? பணகுடியில இருந்து இந்த ஊருக்கு வந்து பன்னெண்டு வருசமா வேலி போடுதேன். முக்கு வீட்டுக்கு என்ன சட்டம்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு ரோடு சேருத இடத்துல இடுப்பளவுக்கு மேல மறைப்பு வைக்கப்பிடாது. கம்பி வலை வச்சாலும் அந்தப் பக்கம் தெரியணும். பிளான்ல அப்படித்தான் வரைஞ்சு கொடுத்தோம். ஓவர்சியர் வந்து டேப்பைப் பிடிச்சு அளந்தாரு, கையெழுத்துப் போட்டாரு, போனாரு. மறுநாளே நான் ஏழடிக்குத் தகட்டை ஏத்திட்டேன்.

— அதைத்தானே சொல்றேன், கார்ப்பரேஷன் பெர்மிட் இருக்கு. யார் வந்து கேக்கப் போறா?

— விழிஞ்ஞத்து ஷாஜி கேப்பான் மாமி.

— எந்த ஷாஜி?

— சைக்கிள்ல மீன் பெட்டி கட்டிக்கிட்டு தினமும் காலைல இந்த வழியா வருவாம்லா, அவன். வியாழக்கிழமை உங்க முக்குலதான் விழுந்தான். உள்ரோட்டுல இருந்து ஒரு வேன் வந்து திரும்பியிருக்கு. வேன்காரனுக்கு இவன் தெரியல, இவனுக்கு வேன் தெரியல. நடுவுல என் தகடு நிக்கி. அடிச்சவன் நிறுத்தாமப் போயிட்டான். மத்தி மீனு ரோடு பூரா சிதறிக் கெடக்க, இவன் ஓடைப் பக்கமா கெடந்திருக்கான்.

— அது... பால் சொஸைட்டிக்காரர் சொன்னார். நான் பூஜை ரூம்லே இருந்தேன். மணி அடிச்சிண்டிருந்தேன், ஒண்ணும் காதிலே விழலே. உங்களுக்கு யார் சொன்னா?

— ஒரு போன் வந்துது. யாருன்னு கேக்காதிய, சொல்லமாட்டேன். நேரா மெடிக்கல் காலேஜுக்குப் போயி பாத்துட்டு வந்தேன். வலது காலை முட்டுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அரை மணிக்கூர் முன்னால கொண்டாந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். அந்த அரை மணிக்கூரும் இந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம்தான் கெடந்திருக்கான். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அண்ணனுக்கு என்ன வேலைன்னு கேட்டான். வேலி வேலைன்னு சொல்ல வாய் வரல மாமி. கொத்தன் வேலைன்னு பொய் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

— வேன் ஓட்டினவன் ஹாரன் அடிச்சிருக்கணும். தப்பு அவன்மேலே. என் வேலி என்ன பண்ணித்து? நின்ன இடத்திலே நின்னுது.

— நிக்கப்பிடாத இடத்துல நின்னுது, பாத்துக்கிடுங்க. இன்னும் ரெண்டு நாள்ல ஸ்கூல் திறக்கு. பிள்ளைய எல்லாம் சைக்கிள்ல இந்த முக்கு வழியாத்தான் வரும். எனக்கு ஒறக்கம் இல்ல. கண்ணை மூடுனா தகட்டுக்கு அந்தப் பக்கம் மணிச்சத்தம் கேக்கு.

— எனக்கு மட்டும் ஒறக்கம் வரதுன்னு நெனைச்சேளா? என் கோமு இருக்காளே, அவளை நெனைச்சுப் பாத்தேளா? ஸ்டவ் வெடிச்சு ரெண்டு வருஷம் ஆறது. பத்தொம்பது வயசு. ஒரு பக்கம் கன்னமும் கழுத்தும் உருகி ஒண்ணாச் சேந்து கெடக்கு. ஒரு வருஷம் ஜன்னலைக்கூடத் திறக்க விடலே அவ. காத்தாடணும், வெளியிலே உக்காரணும்னு டாக்டர் சொன்னார். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டு அந்தப் பலகை மேடையைப் போடச் சொன்னேன்.

— போட்டேன். மதில்ல இருந்து தள்ளி, கூரை இல்லாம, சட்டத்துக்குள்ள நிக்கும்படியாத்தான் போட்டேன். அதுல ஒரு குத்தமும் இல்ல.

— குத்தம் இல்லே. ஆனா ரெண்டடி உசரத்திலே போட்டேள். முத நாள் குழந்தை அதிலே போய் உக்காந்தா. எதிரே பஸ் ஸ்டாப்பிலே நின்னவா அத்தனை பேரும் அந்தக் கம்பி வலை வழியா அவளையே பாத்தா. ஒருத்தன் தன் பையனைத் தூக்கித் தோளிலே வச்சுண்டு காட்டறான், லிங்கம்! மிருகசாலையிலே காட்டற மாதிரி. அன்னிக்கு ராத்திரி அவ...

— தெரியும் மாமி. சொல்லாண்டாம்.

— கிணத்தடியிலேர்ந்து நான் இழுத்துண்டு வந்தேன். அதுக்கப்பறம்தான் உங்க கிட்டே வந்து அழுதேன். இந்தத் தகடு ஏறினதுக்குப் பிறகுதான் அவ மறுபடியும் மேடைக்கு வந்தா. காலம்பற போய் உக்காருவா. தலையைப் பின்னிப்பா. போன வாரத்துக்கு முந்தின வாரம் என்னைப் பாத்துச் சிரிச்சா. நீங்க அதைக் கழட்டிண்டு போறேன்னு வந்திருக்கேள்.

— எல்லாத்தையும் கழட்டச் சொல்லலியே. முக்குல பத்தடிக்கு மட்டும் சரிவா வெட்டி வலை வைக்கேன். மேடையைப் பிரிச்சு வீட்டுக்குப் பின்னால, கிணத்துப் பக்கமா...

— கிணத்துப் பக்கம்னு மட்டும் சொல்லாதீங்கோ!

— தப்பு, தப்பு. வாய் தவறிட்டு. அப்ப கிழக்கால, மாமரம் நிக்க இடத்துல போடுதேன். ஒரு பைசா வேண்டாம்.

— அங்கே அடுத்தாத்து மாடி ஜன்னல் மூணும் இந்தப் பக்கம் பாத்துதான் இருக்கு. நான் பாக்காத எடமா? இந்த ஏழு ஸென்ட்லே என் பொண்ணு மூஞ்சியை யாரும் பாக்காத எடம் இது ஒண்ணுதான். உங்க காலிலே விழறேன் லிங்கம். இந்த ஏணியை எடுத்துண்டு போயிடுங்கோ.

— ஐயோ, எந்திரிங்க. எந்திரிங்க மாமி! நான்லா உங்க கால்ல விழணும். கேளுங்க, நான் சொல்லுதத கேளுங்க. திங்கக்கிழமை நானே கார்ப்பரேஷனுக்குப் போறேன். பிளான் ஒண்ணு, வேலி வேற ஒண்ணு, போட்டவன் நான்னு எழுதிக் கொடுக்கப் போறேன்.

— உங்க லைசென்ஸ் போயிடும்.

— போகட்டும்.

— உங்களுக்கும் ரெண்டு பொண் கொழந்தைகள் இருக்கு.

— அதான் மாமி. சின்னவ சைக்கிள் படிக்கா. இதே மாதிரி எத்தனை முக்குல எத்தனை பேரு அழுது எத்தனை லிங்கம் தகடு ஏத்தியிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

— லிங்கண்ணா.

— கோமு! நீ எதுக்கு வாசலுக்கு வந்தே? உள்ளே போ. ஷாலைப் போத்திக்கோ.

— ஷால் வேண்டாம்மா. லிங்கண்ணா, ஏணியைச் சாத்துங்கோ.

— அவ சொல்றதைக் கேக்காதீங்கோ. குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது.

— அண்ணாக்குப் போன் பண்ணினது நான்தான்.

— நீயா? என்னத்துக்குடீ?

— யார் கிட்டே சொல்றதுன்னு தெரியலே. இந்த வேலியோட ஒவ்வொரு ஆணியும் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான். லிங்கண்ணா, எந்தத் தகடு முதல்லே?

— முக்குல உள்ளது பாப்பா. ஆனா அம்மா சொல்லாம நான் எப்படி...

— வீடு என் பேரிலே இருக்கு. அப்பா எழுதி வச்சுட்டுப் போனார். நான் சொல்றேன், கழட்டுங்கோ.

— கோமு, பஸ் ஸ்டாப்பிலே நாலு பேர் நிக்கறா.

— நிக்கட்டும்.

— உன்னையேதான் பார்ப்பாடீ! ஒவ்வொருத்தனும் வெறிச்சுப் பார்ப்பான்!

— நானும் அவாளைப் பாத்துக்கறேன். அண்ணா, மறு முனையை நான் பிடிச்சுக்கவா?

— தகட்டு விளிம்பு கையை அறுத்துரும். துணியைச் சுத்திக்கிட்டுப் பிடி பாப்பா. ம், அப்படித்தான். போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு, கொஞ்சம் பொறுக்கணும். ஆ, விட்டுட்டு. மெல்ல, மெல்ல இறக்கு.

— ஐயோ, ரோடு தெரியறதே. கோமு, இந்தப் பக்கம் திரும்பி நில்லு. நான் பிடிச்சுக்கறேன், கொடு. நீ உள்ளே போ, என் கண்ணே.

— அம்மா, அன்னிக்கு விழுந்தாரே, அவர் மொதல்லே கத்தவே இல்லே. வெள்ளம், வெள்ளம்னு மெதுவாத் தண்ணி கேட்டுண்டிருந்தார்.

— உனக்கு எப்படித் தெரியும்? நீ தூங்கிண்டிருந்தே.

— மேடையிலே இருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவிலே இந்தத் தகடுதான். அவர் மூச்சு விடறதுகூடக் கேட்டுது. கேட்டைத் திறந்துண்டு போயிருக்கலாம். இந்த மூஞ்சியை வச்சுண்டு ரோட்டிலே எறங்கத் தைரியம் வரலே. நானும் தப்புப் பண்ணினவதான் லிங்கண்ணா, நீங்க மட்டும் இல்லே.

— அழாத பாப்பா. தகட்டைக் கீழ வச்சிரு.

— யாரும் தப்புப் பண்ணலே! எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருந்தா நான் ஓடிப் போயிருக்க மாட்டேனா? ஒரு சொம்புத் தண்ணி கொடுக்காத மனுஷியா நான்? பூஜை ரூம்லே மணி அடிச்சிண்டிருந்தேன். பகவான் சாட்சியா ஒண்ணும் கேக்கலே. கேட்டிருந்தா, கூட்டம் கூடினா கூடட்டும், போலீஸ் வந்து வேலியை அளந்தா அளக்கட்டும்னு ஓடிப் போயிருப்பேன்டீ.

— அம்மா, போதும்.

— என்னடி போதும்? நீ என்னை நம்பலையா?

— தகட்டைத் தட்டித் தட்டி, இருங்கோ, இதோ ஆள் வரும்னு அவர்கிட்டே சொல்லிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண நான் ஹாலுக்கு ஓடி வந்தேன்மா. நீ போன் பக்கத்திலேதான் உக்காந்திருந்தே, கண்ணை இறுக மூடி, ரெண்டு காதையும் பொத்திண்டு.