மூடியை மட்டும் தொடாதே

— அப்போ நீ சுத்தமாத்தான் கழுவினேன்னு சொல்ற? நானு, எங்க வீட்டு சாரு, பையன் சித்தார்த்து, மூணு பேருக்கும் வயித்தால போயி, நான் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு நாலு நாளா கட்டிலும் பாத்ரூமுமா கெடக்கறேன். டாக்டர் மொதல் கேள்வியே என்ன கேட்டாரு தெரியுமா செல்லக்கிளி? "தண்ணி எதுல குடிக்கறீங்க"ன்னு.

— நல்ல கேள்விதாங்க டீச்சர்.

— மொபைலை எடுத்து நம்ம பாட்டில் எல்லாத்தோட போட்டோவையும் காட்டினேன். சாருக்குத் தாமிரம், எனக்குக் கண்ணாடி, சித்தார்த்துக்கு ஸ்ட்ரா வச்ச கருப்பு ஃபிளாஸ்க், இளவேனிலுக்கும் ஸ்ட்ரா வச்சதுதான், ரோஸ் கலரு. மூணு வாரம் வீடியோ பாத்து, அலசி ஆராஞ்சு வாங்கினதாச்சே. அவரே அசந்துட்டாரு. "பாட்டில்ல கொறை இல்ல, கழுவறதுலதான் எங்கயோ கோளாறு"ன்னுட்டாரு.

— பெரிய படிப்புப் படிச்சவருங்க. போட்டோவைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாரே.

— நக்கலா?

— ஐயோ, நான் எதுக்குங்க நக்கல் பண்ணப் போறேன்.

— கழுவறது யாரு? நீ. ஃப்ரிட்ஜ் கதவுல அட்டவணையே ஒட்டியிருக்கேன். திங்கக்கிழமை வினிகர், வியாழக்கிழமை சோடா உப்பு, தாமிரத்துக்குப் புளி, தெனமும் சுடுதண்ணி. நீளமா ஒரு பிரஷ், குட்டியா ஒரு பிரஷ்.

— எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்னு சொன்னேன். இருந்தாலும் பாப்பாவை விட்டுப் படமும் போட்டுக் குடுத்தீங்க. அது பிரஷ்ஷுக்கு மீசை வேற வச்சிருக்கு.

— அந்தப் படத்துல இருக்கறபடி செஞ்சியா?

— ஒரு நாளும் விடலைங்க.

— அப்புறம் எப்படி வந்துச்சு? சயின்டிஃபிக்கா யோசி. நாலு பேரும் ஒரே சாப்பாடு. ஒரே தண்ணி மெஷின். அப்படியிருக்க, இளவேனில் மட்டும் துள்ளிக்கிட்டுத் திரியறா. ஏன்? அவ பாட்டில் இருக்கறதுலயே ஒசத்தி. வாங்கி ஒரு வருசமாச்சு, இன்னிக்கும் கடையில இருந்து வந்த மாதிரி பளபளன்னு இருக்கு. நாலு பேருக்கும் அதே கம்பெனியில வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டேன். இதோ பாரு, நீலம் நல்லாருக்கா, பச்சை நல்லாருக்கா?

— ரெண்டும் நல்லாருக்குங்க. பாப்பா பாட்டில் பளபளன்னு இருக்கறதுல எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

— அதென்ன இழுக்கற?

— ஆடி மாசத்துல ஒரு நா அது நாத்தம் அடிக்குதுன்னு பாப்பா சொல்லுச்சே டீச்சர்.

— அது தண்ணி குடிக்கச் சோம்பேறித்தனம். நாத்தமாம் நாத்தம். அதுக்கப்புறம் ஒரு தடவையாச்சும் சொன்னாளா? பழகிட்டா.

— ஆமாங்க. அதுக்கப்புறம் சொல்லல.

— அதை விடு. தெரு குரூப்புல போடறதுக்கு எழுதி வச்சிருக்கேன், கேட்டுக்க. "நமது தெருவில் வேலை செய்யும் செல்லக்கிளியிடம் சுத்தம் போதாது. எங்கள் வீட்டில் மூவருக்கு உடல்நலக் குறைவு. கவனம் தேவை." கீழ கைகூப்பற படம் போட்டிருக்கேன்.

— கும்புடு எதுக்குங்க?

— மரியாதைக்கு.

— டீச்சர், அந்த குரூப்புல நசீராக்கா இருக்காங்க, லின்சி மேடம் இருக்காங்க, மாடி வீட்டு ரெஜிஸ் சார் இருக்காரு. மூணு வீட்டுலயும் நான்தான் வேலை பாக்கறேன். இதைப் போட்டீங்கன்னா நாளைக்குக் காலைல நான் போய் நிக்க ஒரு வாசல் இருக்காது. பன்னெண்டு வருசமா எடமலைப்பட்டி புதூர்ல என் கைக்குன்னு ஒரு பேர் இருக்குங்க. எனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்.

— அதுக்காக ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடணுமா?

— ஓட வேணாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அந்தத் தாமிர பாட்டில் மூடியை மட்டும் இப்படிக் குடுங்க.

— ஏய், மூடியைத் தொடாதே!

— இதைத்தாங்க நானும் சொல்ல வந்தேன்.

— எதை?

— இந்த பாட்டிலுங்க வந்து எறங்கின அன்னிக்கே நீங்க சொன்னது. "உள்ளயும் வெளியயும் நீ தேய். மூடியை மட்டும் தொடாதே. அது வாய் படற எடம், நான் பாத்துக்கறேன்."

— சொன்னேன். அது ஹைஜீன்.

— ஹைஜீன்தாங்க.

— வேற என்னன்னு நெனச்ச? எங்க பசங்க பேரைப் பாரு. சித்தார்த், இளவேனில். ஹால்ல மாட்டியிருக்கறது யாரு? புத்தர். நாங்க அதெல்லாம் பாக்கற ஆளுங்களா?

— நீங்க பாத்ததே இல்லைங்க. என் பாட்டிலைப் பின்கட்டுல வாஷிங் மெஷின் மேல வைக்கச் சொன்னது ஹைஜீன். தண்ணி மெஷின் குழாயைத் தொடாதேன்னது ஹைஜீன். பொங்கலுக்கு எனக்கு பேப்பர் கப்புல காபி குடுத்ததும் ஹைஜீன்.

— அன்னிக்கு எல்லாருக்கும்தான் பேப்பர் கப்பு!

— எல்லாருக்கும்தாங்க. எனக்கும், சிலிண்டர் போட வந்த காத்தமுத்துவுக்கும்.

— நீ பேச்சை எங்கேயோ கொண்டுபோற.

— நான் எதுக்குங்க கொண்டுபோகப் போறேன். அந்தக் குழாயைத் தொட வேணாம்னுதான் காவேரித் தண்ணியை வீட்டுலயே காய்ச்சி, ஆற வச்சு, என் பாட்டில்ல கொண்டாந்துக்கறேன்.

— அந்த நசுங்கின எவர்சில்வர் பாட்டிலா? சைக்கிள்லேருந்து விழுந்த மாதிரி இருக்கும், அதுவா?

— விழுந்ததுதாங்க, நாலஞ்சு தடவை. எங்க வீட்டுக்காரரு பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துக்கிட்டுப் போனது. ஆனா வாய் அகலம், என் கை முழுசா உள்ள போயிரும். மூடி வெறும் தகடு. ரப்பரு கிப்பருன்னு ஒண்ணும் கெடையாது.

— மூடி, மூடி! நான்தான் தெனமும் கழுவறேனே, போதாதா?

— குழாயில ஒரு காட்டு காட்டிக் கவுத்து வைப்பீங்க. நானும் பக்கத்துலதானே நிக்கறேன். சரிங்க, நான் தொடல. நீங்களே எடுங்க. இந்தாங்க ஊக்கு. மூடிக்குள்ள வளையமா ஒரு ரப்பர் தெரியுதா? அதை நெம்புங்க.

— இது கழண்டு வருமா?

— மூணு வாரம் வீடியோ பாத்தீங்களேங்க.

— இரு, வருது... ஐயய்யே! என்னடி இது, கருப்பா, கொழகொழன்னு?

— ஒரு வருசத்து ஹைஜீனுங்க.

— சீ! இதை எங்கடி வைக்கறது?

— மேடையில வைக்காதீங்க, சிங்க்குல போடுங்க. அப்படியே உங்க கண்ணாடி பாட்டில் மூடியையும் நெம்பிருங்க. சித்தார்த் தம்பியோட ஃபிளாஸ்க் ஸ்ட்ராவை மட்டும் இப்போ பாக்காதீங்க. இன்னிக்குத்தான் உங்களுக்குக் கஞ்சியே வயித்துல தங்கியிருக்கு.

— இரு இரு. அவசரப்படாதே. சயின்டிஃபிக்கா பாப்போம். மூடிதான் காரணம்னு வச்சுக்க. நாலு பாட்டில் மூடியையும் நான்தானே கழுவறேன்? இளவேனில் பாட்டில்லயும் இதே ரப்பர், இதே ஸ்ட்ரா. அவளுக்கு ஏன் ஒண்ணும் வரல?

— அது...

— சொல்லு. இவ்வளவு நேரம் வாய் கிழிஞ்சுதே.

— அது எனக்குத் தெரியாதுங்க.

— தெரியாதுல்ல? அப்போ மூடி காரணம் இல்ல. பாக்க அசிங்கமா இருக்கு, அவ்வளவுதான். வியாதி நீ கழுவின பக்கத்துலேருந்துதான் வந்திருக்கு.

— தெரியாதுன்னு சொன்னது தப்புங்க. தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— யாருக்கு?

— கேட்டவங்களுக்கு.

— பதில் இல்லைன்னதும் சத்தியத்துல போய் ஒளிஞ்சுக்கற. உன் பொழப்பு போகப்போகுது, அப்பவும் சொல்ல மாட்ட?

— சத்தியம் பண்ணினா பண்ணினதுதானேங்க. பொழப்பு போனா அழுதுக்கறேன்.

— இந்த டயலாக் எல்லாம் டிவியில வச்சுக்க. நான் அனுப்பத்தான் போறேன். நீ கிளம்பு. போகும்போது உன் நசுங்கின பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போயிரு. நாளைக்கு அதைத் தேடிக்கிட்டு வாசல்ல வந்து நிக்காதே.

— அது இங்க இல்லைங்க.

— ஏன், கொண்டாரலியா?

— காலைல கொண்டாந்தேன்.

— அப்புறம் எங்க போச்சு? கால் மொளைச்சு நடந்துருச்சா?

— வந்துருங்க. மணி நாலாகப் போகுதுல்ல.

— என்ன ஒளர்ற? இதோ, வேன் ஹாரன் கேக்குது. கடைசியா ஒரு வேலை செய், கேட்டைத் தொறந்து விடு. இந்தச் சமையக்கட்டு நாற்காலியை விட்டு என்னால எழுந்திரிக்க முடியல. இந்த ஜன்னல்லேருந்தே பாத்துக்கறேன். இளவேனில் வந்ததும் அவ பாட்டிலை உன் கண்ணு முன்னாடியே நெம்பிக் காட்டறேன். அதுல ஒரு பொட்டு அழுக்கு இருக்கான்னு நீயே பாரு. அதுக்கப்புறம் அனுப்பறேன், சரியா?

— டீச்சர், பாப்பாவைத் திட்டாதீங்க. நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

— அவளை நான் எதுக்குத் திட்டப்போறேன்? போ, போய்த் தொற.

— வா பாப்பா. பையை இங்க தொறக்காத சாமி, உள்ள போயிருவோம். அம்மா ஜன்னல்...

— ஸ்ஸ்! செல்லக்கிளிம்மா, சத்தம் போடாதீங்க, அம்மா முழிச்சுக்குவாங்க! சீக்கிரம் உங்க பாட்டிலைப் புடிங்க. நாளைக்குக் கழுத்து வரைக்கும் ஊத்திக் கொண்டாங்க, இன்னிக்கு எனக்குப் பத்தவே இல்ல. அந்த ஷூ ஸ்டாண்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கற ரோஸ் பாட்டிலை எடுத்துக் குடுங்க, அம்மா கேட்டா அதைக் காட்டிக்கறேன்.